ஒருமுறை பிளாஸ்டிக்கும் உறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் உறைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் பெரிய மறுப்பில்லை. எதை, எப்படி, எதிலிருந்து தொடங்குவது என்று வரும்போதுதான் சந்தேகம் கிளம்புகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். முதலில் அடிப்படை, போகப்போகச் சிக்கலானவை.

1. ஒருமுறை பிளாஸ்டிக்னு எதைச் சொல்றீங்க? வீட்ல இருக்கிற பக்கெட், நாற்காலி எல்லாமே தப்பா?

இல்லை. ஒரு பொருள் எவ்வளவு நேரம் பயன்படுகிறது, அதன்பின் எவ்வளவு காலம் அழியாமல் கிடக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டடத்தில் போடும் பிளாஸ்டிக் குழாய் சராசரியாக 35 ஆண்டு உழைக்கும். உறையாக வரும் பிளாஸ்டிக்கின் ஆயுள் சராசரியாக ஆறு மாதம்தான். அதிலும் கேரி பேக், ஸ்ட்ரா, கரண்டி, கப் போன்றவற்றுக்குச் சில நிமிடங்கள். பயன்படும் நேரம் மாறினாலும் மூலப்பொருள் ஒன்றே, குப்பையாகக் கிடக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே.

பத்து வருடம் உழைக்கிற பக்கெட்டைக் குறைசொல்ல எதுவும் இல்லை. வாங்கிய அன்றே குப்பைக்குப் போகும் பொருள்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம் பேசுகிறது.

2. மொத்தமா எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கு? அதுல உறைகள் பெரிய பங்கா?

1950 முதல் 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் 630 கோடி டன் ஏற்கெனவே குப்பையாகியிருந்தது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், அந்த ஒரே வருடத்தில் 46 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுத்தப்பட்டது, 35 கோடி டன்னுக்கு மேல் குப்பையானது, 2.2 கோடி டன் சுற்றுச்சூழலில் கலந்தது. குப்பையில் ஏறக்குறைய 40 சதவீதம் உறைகள். உறைகளைத் தொடாமல் வேறு எதைக் குறைத்தாலும் மொத்தக் கணக்கு பெரிதாக அசையாது.

3. முக்கோணத்துக்குள்ள நம்பர் போட்டிருக்கே, அப்போ அது மறுசுழற்சி ஆகும்தானே?

அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதி அதில் இல்லை. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த முறை இது. சுற்றிவரும் அம்புக்குறி தவறான எண்ணத்தைத் தந்ததால், 2013-இல் தர நிர்ணயத்தில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

நடைமுறையில் 1 (பெட் பாட்டில், அதாவது தண்ணீர் பாட்டில் வகை), 2 (கெட்டியான பால் நிற, வண்ண டப்பாக்கள்) இரண்டுக்கும் நிலையான சந்தை உண்டு. 5 (பாலிப்ரோப்பிலீன்) இடத்தைப் பொறுத்தது. 4 என்பது மெல்லிய பை, சுற்றுத்தாள் வகை; சுத்தமாகவும் மொத்தமாகவும் சேர்ந்தால் எடுப்பார்கள், வீட்டுக் குப்பையில் கலந்து வந்தால் எடுக்கமாட்டார்கள். 3 (பி.வி.சி.), 6 (தெர்மாகோல், பாலிஸ்டைரீன்), 7 (மற்றவை, கலவைகள்) ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வாங்க ஆளில்லை.

எண் அழிந்திருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். நகக்கண் அளவு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். சோப்பு போடாவிட்டால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ் ஏமாற்றிவிடும். மேலே மிதந்தால் 2, 4, 5-இல் ஒன்று. மூழ்கினால் 1, 3, 6-இல் ஒன்று. மூழ்கியதை 100 மில்லி தண்ணீரில் 20 கிராம் உப்பு கரைத்த நீரில் போட்டால் 6 மட்டும் மிதக்கும். நுரைபோன்ற தெர்மாகோலுக்கும், தாதுப்பொடி கலந்த பாலிப்ரோப்பிலீனுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

4. பாட்டிலைக் கழுவித்தான் போடணுமா? மூடியைக் கழற்றணுமா?

பளபளவென்று கழுவத் தேவையில்லை. உள்ளே இருப்பது வடிந்திருந்தால் போதும். பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் (பாத்திரம் அலசிய நீரே போதும்) விட்டு, மூடிக் குலுக்கி, கொட்டி, தலைகீழாக வடியவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் உணவு மிச்சமும் இருந்தால் பக்கத்தில் கிடக்கும் காகிதம், அட்டை எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும். ஒரு டப்பாவின் அழுக்கால் ஒரு மூட்டையே நிராகரிக்கப்படுவது இப்படித்தான்.

இயந்திரத்தில் பிரிக்கும் ஊர்களில் பாட்டிலை நசுக்கி மூடியைத் திருகியே போடுங்கள். தனியாகப் போடும் மூடி சல்லடை ஓட்டை வழியாக விழுந்து வீணாகும். பாட்டிலைச் சில்லுகளாக வெட்டியபின் தொட்டியில் பெட் மூழ்கும், மூடி மிதக்கும், தானாகவே பிரிந்துவிடும். கையால் பிரிக்கும் ஊர்களில் மூடிகளைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போது பாட்டிலுக்காகக் கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தரும் இயந்திரத்தில் போடுவதாக இருந்தால் நசுக்காதீர்கள், பட்டைக்குறியீடு படிக்காது.

5. பளபளன்னு இருக்கிற நொறுக்குத்தீனி உறை, சின்னச் சின்ன சாஷே இதையெல்லாம் ஏன் யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க?

அது ஒரு பொருளல்ல, ஒட்டிவைத்த பல பொருள்கள். ஒரு சாதாரண சாஷேயில் வெளிப்புறம் அச்சுக்கும் உறுதிக்கும் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பாலியெஸ்டர், நடுவில் காற்றும் ஒளியும் புகாமலிருக்க மெல்லிய அலுமினியம், உட்புறம் சூட்டில் ஒட்டுவதற்குப் பாலித்தீன். நொறுக்குத்தீனி உறைகளில் அலுமினியம் தாளாகக்கூட இருக்காது. ஆவியாகப் படியவைத்த பூச்சு மட்டும்.

பாலித்தீன் 110 முதல் 130 டிகிரி வரை சூட்டில் உருகிவிடும், பாலியெஸ்டருக்கு 250-ஐத் தாண்ட வேண்டும். சேர்த்து உருக்கினால் ஒன்று உருகி மற்றது கட்டிகட்டியாக நிற்கும். அதில் செய்யும் பொருள் பொறுபொறுவென உடையும். அடுக்குகளைப் பிரிக்கும் கரைப்பான் முறைகள் உண்டு என்றாலும், சிதறிக் கிடக்கும் சில கிராம் எடையுள்ள அழுக்கு உறைகளைச் சேகரிக்கும் செலவே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான சாஷேக்களைக் குனிந்து பொறுக்க வேண்டும். இந்த வகையில் எங்கள் பதில் ஒன்றுதான்: வாங்குவதைத் தவிர்ப்பது. பெரிய அளவாக வாங்குவது, நிரப்பிக்கொள்வது, அல்லது ஒற்றைப் பொருளால் ஆன உறையில் வருவதைத் தேர்வது.

6. சரி, முடிஞ்சதை மறுசுழற்சிக்குக் கொடுத்துடுறோம். அது போதாதா?

மிக நன்றாக நடக்கும் மறுசுழற்சியை எடுத்துக்கொள்வோம்: பெட் பாட்டில். பிரித்து, சில்லுகளாக வெட்டி, 80 டிகிரிக்கு மேல் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் பசையையும் லேபிளையும் கழற்றி, மிதக்கவைத்து மூடியைப் பிரித்து, ஈரம் போக உலர்த்தி, உருக்கிக் குறுணையாக்குகிறார்கள். ஈரம் மிச்சமிருந்தால் உருக்கும்போது நீண்ட மூலக்கூறு சங்கிலிகள் அறுந்து பிசின் இளகிவிடும்; அது பாட்டிலுக்கு உதவாது, நூலுக்கும் பெட்டி கட்டும் பட்டைக்கும்தான் போகும். பி.வி.சி. பத்து லட்சத்தில் நூறு பங்கு கலந்தாலே மொத்தமும் மஞ்சளித்துக் கெடும். இதுதான் நன்றாக நடக்கும் வகை. மற்றவற்றின் கதி 3, 5-ஆம் கேள்விகளில் இருக்கிறது.

இன்னொன்று. கரி கலந்த கறுப்பு டப்பாக்களை அகச்சிவப்புக் கருவியால் அடையாளம் காண முடியாது. ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை சல்லடையில் விழுந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் மறுசுழற்சிப் பெட்டியில் போடும் சந்தேகத்துக்குரிய பொருள், எடுக்கக்கூடியதையும் சேர்த்துக் கெடுக்கிறது. சந்தேகமிருந்தால் பொதுக்குப்பையில் போடுங்கள், அடுத்தமுறை அதை வாங்காதீர்கள்.

7. பையில 'மட்கும்'னு போட்டிருக்கு. தோட்டத்துல புதைச்சிடலாமா?

பெரும்பாலும் கூடாது. ஐரோப்பாவில் இதற்கான தரம் இ.என். 13432. ஆறு மாதத்துக்குள் பொருளின் 90 சதவீதக் கரி, கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்துக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. ஆனால் இந்தச் சோதனைகள் சுமார் 58 டிகிரி சூட்டில், ஈரமும் காற்றும் சீராக இருக்கும் தொழிற்சாலை உரக்கிடங்கின் நிலையில் செய்யப்படுகின்றன. வீட்டு உரக்குழி அந்தச் சூட்டை வாரக்கணக்கில் தாங்குவது அரிது. குளிர்ந்த மண்ணில் பாலிலாக்டிக் அமிலம் என்ற மட்கும் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கப் அப்படியே கிடக்கும்.

பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளியான ஆய்வில், 'உயிரிச் சிதைவடையும்' என்று விற்ற ஒரு பையை மூன்று ஆண்டு மண்ணிலும் கடலிலும் வைத்து எடுத்தபோதும் அதில் சாமான் தூக்க முடிந்தது. உரமாக மட்கும் வகைப் பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணிலோ 27 மாதத்துக்குப் பிறகும் இருந்தது. சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்புகளைச் சேர்த்துப் பொடியவைக்கும் 'ஆக்சோ' வகை இன்னும் மோசம்: அது மட்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் அதைத் தடைசெய்திருக்கிறது.

உங்கள் ஊரில் தொழில்முறை உரக்கிடங்கு இருந்து, அவர்கள் இவற்றை ஏற்றுக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். பெட் பாட்டில்களோடு கலக்கவே வேண்டாம். பெட் உருகும் சூட்டில் அது கருகிவிடும். 'கரும்பிலிருந்து செய்தது' என்ற லேபிளுக்கும் மட்குவதற்கும் தொடர்பில்லை. கரும்பிலிருந்து வரும் பாலித்தீனும் பாலித்தீன்தான்.

8. காகிதத்துக்கு மாறிட்டா தீர்ந்துடுச்சுல்ல?

தெருவில் விழுந்தால் காகிதம் சீக்கிரம் கரையும். அது நிஜமான நன்மை. ஆனால் திரவம் தாங்கும் எந்தக் காகிதத்திலும் வேறு ஏதோ இருக்கிறது. காகிதக் கப்பின் உட்புறம் பாலித்தீன் பூச்சு, கப்பின் எடையில் சுமார் 5 சதவீதம். சாதாரணக் காகித ஆலையில் அந்தப் பூச்சு நாரிலிருந்து எளிதில் பிரியாது. எண்ணெய் ஊறாத தட்டு, பொட்டலத்தாள்களில் நெடுங்காலம் அழியாத ஃப்ளோரின் சேர்மங்களைப் பூசிவந்தார்கள்; அமெரிக்காவில் உணவு உறைகளுக்கான அந்த விற்பனை நின்றுவிட்டதாக அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

ஒருமுறைப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறைக் காகிதத்தை வைத்தால் பொருள் மாறுகிறது, பழக்கம் மாறவில்லை. கடலோரத்தில் பறந்துபோக வாய்ப்புள்ள இடம் போன்றவற்றில் காகிதம் நல்ல தேர்வு. மற்ற இடங்களில் முதலில் கேட்க வேண்டியது, 'இது தேவையா?' என்பதுதான்.

9. துணிப்பையை 20,000 தடவை பயன்படுத்தினாத்தான் லாபமாமே? அப்போ பிளாஸ்டிக் பையே மேல் இல்லையா?

அந்த எண் டென்மார்க் அரசின் 2018-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வருகிறது, ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. 20,000 என்பது இயற்கை விவசாயப் பருத்திப் பைக்கு, ஓசோன் படலப் பாதிப்பு என்ற ஒரே அளவுகோலில் வந்தது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் அதே பைக்கு 149 தடவை, சாதாரணப் பருத்திக்கு 52 தடவை. மேலும், அளவு சிறியது என்று ஒரு பிளாஸ்டிக் பைக்கு இரண்டு இயற்கைப் பருத்திப் பைகளை ஈடாக வைத்தார்கள். குப்பையை முறையாக எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில் செய்ததால், சாக்கடையிலும் கடலிலும் சேரும் பையின் கேடு கணக்கில் இல்லவே இல்லை.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லிய பையை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கு ஈடாக மற்றவற்றை எத்தனை தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது: காகிதப் பை 3 தடவை, தடித்த பாலித்தீன் 4, நெய்யாத பாலிப்ரோப்பிலீன் 11, பருத்தி 131. வாரம் இருமுறை எடுத்துப் போனால் பருத்திப் பை ஒன்றேகால் வருடத்தில் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். நல்ல தையல் உள்ள பை அதற்குமேல் பல வருடம் உழைக்கும். இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: விழாவுக்கு விழா இலவசமாகத் துணிப்பை கொடுப்பதை நிறுத்துங்கள். அலமாரியில் இருபது பை தூங்கினால் நன்மை எதுவும் இல்லை. இருப்பதைக் கிழியும்வரை தூக்குங்கள். பழைய துணியில் தைத்த பைக்குப் புதிய பருத்தியின் சுமையே கிடையாது.

10. கண்ணாடிதானே எப்பவும் நல்லது?

திருப்பி நிரப்பினால் நல்லது. கண்ணாடியை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதே அளவு பெட் பாட்டிலைவிடப் பல மடங்கு எடை, போக்குவரத்திலும் அது எரிபொருளாகக் கரைகிறது. ஒருமுறை குடித்துத் தூக்கிப்போடும் கண்ணாடிப் பாட்டிலின் பருவநிலைச் சுமை பெட் பாட்டிலைவிட அதிகம். அருகிலேயே கழுவி நிரப்பும் ஆலை இருந்து இருபது, முப்பது சுற்று வந்தால் கணக்கு தலைகீழாகிறது.

11. உறை இல்லன்னா காய்கறி அழுகிடும். உணவு வீணாகுறது அதைவிடப் பெரிய பாவம் இல்லையா?

சில பொருளுக்கு உண்மை. காற்று எடுத்து அடைத்த இறைச்சி, பால் பொருள்கள், நெடுந்தூரம் போகும் மென்மையான பழங்கள் ஆகியவற்றில் உறையை எடுத்தால் வீணாவது கூடும். அந்த உணவை விளைவிக்கச் செலவான நீரும் எரிபொருளும் உறையின் சுமையைவிடப் பெரியவை. அவற்றை முதலில் தொட வேண்டாம் என்போம்.

எல்லாக் காய்கறிக்கும் அதை நீட்டுவது தவறு. பிரிட்டனின் ராப் அமைப்பு 2022-இல் ஆப்பிள், வாழைப்பழம், பிராக்கோலி, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகிய ஐந்தையும் சோதித்தபோது, பெரும்பாலும் உறையைவிடச் சேமிக்கும் குளிர்நிலைதான் ஆயுளைத் தீர்மானித்தது. பொட்டலமாக விற்பதால் தேவைக்கு மேல் வாங்கி, அச்சிட்ட தேதியைப் பார்த்து நல்லதையும் தூக்கிப்போடுவதும் தெரியவந்தது. உதிரியாக, வேண்டிய அளவு வாங்கினால் இரண்டு வீணும் குறைகின்றன.

12. தண்ணி பாட்டிலையே திரும்பத் திரும்ப நிரப்பிக் குடிச்சா குறைச்ச மாதிரிதானே?

ஓரிரு நாள் சரி, பழக்கமாக்க வேண்டாம். குறுகிய வாய் என்பதால் உள்ளே தேய்த்துக் கழுவ முடியாது. கீறல்களில் கிருமி தங்கும். மூடியைத் திருகித் திருகித் திறப்பதிலேயே துகள்கள் உதிர்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற 2024-ஆம் ஆண்டு ஆய்வு, பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்களை எண்ணியது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு ஒரு மைக்ரானைவிடச் சிறியவை.

சூடுதான் பெரிய எதிரி. அயர்லாந்தில் 2020-இல் செய்த ஆய்வில், பாலிப்ரோப்பிலீன் பால்புட்டிகளில் சூடான நீர் ஊற்றிக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்துகள்கள் வெளிவந்தன. எனவே சூடான உணவு, பானம் எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். தினசரித் தண்ணீருக்கு அகன்ற வாயுள்ள எவர்சில்வர் பாட்டில் நல்லது.

13. எங்க பக்கம் குப்பை வண்டியே வர்றதில்ல. எரிச்சிட்டா என்ன?

எரிக்காதீர்கள். முறையான எரியுலையில் வாயுவை 850 டிகிரியில் குறைந்தது 2 வினாடி வைத்திருந்து, வடிகட்டி வெளியே விட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. வாசலில் எரியும் தீ அந்தச் சூட்டை எட்டாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் என்ற கொடிய நச்சும், தெர்மாகோல் எரிந்தால் அடர்ந்த கரியும் ஸ்டைரீனும் வரும். காலடியில் விளையாடும் குழந்தைதான் அதை முதலில் மூச்சிழுக்கும். ஒரு கிலோ பாலித்தீன் முழுவதும் எரிந்தாலே மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு.

வண்டி வரும்வரை சுத்தமான, உலர்ந்த உறைகளை ஒரு சாக்கில் அமுக்கி நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் நொறுங்கித் துகளாகும். ஈரக்குப்பையைப் பிரித்துவிட்டால் மிச்சம் நாறாது, மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

14. கடல்ல மிதக்கிறது பாதி மீன்வலையாம். அப்புறம் ஏன் ஸ்ட்ரா மேல இவ்வளவு கோபம்?

இரண்டு வேறு இடங்களின் கணக்கு அது. பசிபிக் பெருங்கடலின் நடுவே சுழலும் பெரிய குப்பைத் திட்டில், எடையில் 46 சதவீதம் மீன்வலைகள் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஐரோப்பியக் கடற்கரைகளில் எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்கள் 50 சதவீதம், மீன்பிடிக் கருவிகள் 27 சதவீதம். கரையிலிருந்து விலக விலக, நீடித்து மிதக்கும் வலைகளின் பங்கு ஏறுகிறது. இரண்டையும் கவனிக்க வேண்டும்.

ஸ்ட்ராவின் எடை மொத்தத்தில் மிகச் சிறியது என்பதை ஒப்புக்கொள்வோம். அது எளிதில் கைவிடக்கூடியது என்பதால் முதலில் வந்தது. அதோடு நின்றால் வேலை நடக்கவில்லை. ஆனால் வளைகிற ஸ்ட்ரா இல்லாமல் குடிக்க முடியாத நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். காகித ஸ்ட்ரா நீண்ட நேரம் குடித்தால் ஊறிப்போகும், உலோக ஸ்ட்ரா கை நடுங்குபவருக்குக் காயம் தரும். கேட்பவருக்குக் காரணம் விசாரிக்காமல் கொடுப்பதும், கேட்காதவருக்குத் தானாகச் செருகாமல் இருப்பதுமே சரியான விதி.

15. கேட்டா எல்லாருமே பிளாஸ்டிக் வேண்டாம்னுதான் சொல்றாங்க. ஆனா யாரும் மாறலையே, ஏன்?

சொல்வது பொய்யல்ல. இப்சாஸ் நிறுவனம் 28 நாடுகளில் எடுத்து 2022-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நான்கில் மூன்று பேர் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை விரைவில் தடைசெய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் கையில் பை விழும் அந்த நொடியில் யாரும் முடிவெடுப்பதில்லை. பொருள் கேட்காமலே வந்து சேர்கிறது. மறுப்பதற்குத்தான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது. இதை அக்கறையின்மை என்று படிப்பவர்கள், விழிப்புணர்வுச் சுவரொட்டிகளிலேயே காலத்தைச் செலவழிக்கிறார்கள்.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை மாற்றினால் நடத்தை மாறுகிறது. சீனாவின் ஒரு பெரிய உணவு விநியோகச் செயலி, சில நகரங்களில் 'கரண்டி வேண்டாம்' என்பதை இயல்பான தேர்வாக்கி, கூடவே சிறு புள்ளிகளும் கொடுத்தது. கரண்டி இல்லாத ஆர்டர்களின் பங்கு 648 சதவீதம் கூடியதாக 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. வாடிக்கையாளர்களின் மனம் ஒரே இரவில் மாறவில்லை, திரையில் இருந்த குறி மாறியது.

கண் ஏமாறுவதும் ஒரு காரணம். பிளாஸ்டிக் உறைமேல் காகிதத்தைச் சுற்றி வைத்தால், அதே பிளாஸ்டிக் மட்டும் உள்ள உறையைவிட அதுவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மக்கள் மதிப்பிடுகிறார்கள் என்பதும் 2023-இல் வெளியான ஆய்வு. மொத்தப் பொருள் கூடியிருக்கிறது, மனம் குறைந்ததாக நினைக்கிறது.

16. பை கொண்டு வந்தா தள்ளுபடி தர்றோம், ஒண்ணும் நடக்கல. என்ன பண்ணலாம்?

தள்ளுபடியைக் கட்டணமாகத் திருப்புங்கள். அமெரிக்கத் தலைநகர்ப் பகுதிக் கடைகளில் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், பைக்கு 5 சென்ட் வரி வந்ததும் ஒருமுறைப் பை எடுப்பவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். சொந்தப் பைக்கு அதே 5 சென்ட் தள்ளுபடி தந்த கடைகளில் அசைவே இல்லை. கிடைக்காமல் போகும் சலுகையைவிட, கையைவிட்டுப் போகும் காசு மனதில் அதிகம் தைக்கிறது.

கட்டணம் ரசீதில் தனி வரியாகத் தெரிய வேண்டும், கல்லாவில் இருப்பவர் 'பை வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். அயர்லாந்தில் 2002 மார்ச்சில் 15 சென்ட் வரி வந்தபின் தலைக்கு ஆண்டுக்கு 328 பை என்றிருந்தது 21 ஆனது. வருடங்கள் போகப்போக மெல்ல 30-ஐத் தாண்டியது. 2007-இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். ஒருமுறை வைத்த தொகை பழகிவிடும் என்பதால் அவ்வப்போது உயர்த்த வேண்டும்.

17. தடை போட்ட இடத்துலயும் பை கிடைக்குதே. தடையெல்லாம் வெறும் பேப்பர்லதானா?

எழுதும் விதத்தில் இருக்கிறது. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்ததால் வங்கதேசம் 2002-இல் மெல்லிய பாலித்தீன் பையைத் தடைசெய்தது. நாடளவில் அதுதான் முதல் தடை. உற்பத்தி செய்யும் இடத்தைத் தொடர்ந்து கண்காணிக்காததால் பை மீண்டும் தெருவுக்கு வந்தது. சில்லறைக் கடைக்காரரிடம் அபராதம் பிடித்துக்கொண்டு ஆலையை விட்டுவைத்தால் எங்கும் இதே கதைதான்.

தடிமனை வைத்து வரையறுப்பது இன்னொரு ஓட்டை. கலிஃபோர்னியாவில் மெல்லிய பை போய், 'மறுபயன்பாட்டுக்கு' என்று தடித்த பிளாஸ்டிக் பை வந்தது. மக்கள் அதையும் ஒருமுறையே பயன்படுத்தினார்கள். 2024-இல் அந்த ஓட்டையை அடைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே மாநிலத்தில், இலவசப் பை நின்றதும் குப்பைத்தொட்டிக்கான பைகளின் விற்பனை கூடி, குறைந்த பிளாஸ்டிக்கில் முப்பது சதவீதம் அளவுக்குத் திரும்பி வந்தது. எழுபது சதவீதம் நிகரக் குறைவு என்பது தோல்வியல்ல. ஆனால் திட்டமிடும்போதே இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

18. செய்றது கம்பெனிகள். நான் ஒருத்தன் பையை மறுத்து என்ன ஆகப்போகுது?

உறையை வடிவமைப்பவர்தான் அதன் கதியில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறார். 5-இல் சொன்ன சாஷேயை நீங்கள் எவ்வளவு கழுவிப் பிரித்தாலும் அது மாறாது. அதனால்தான் சேகரிக்கும் செலவை உற்பத்தியாளர்மேல் வைக்கும் சட்டங்கள் வந்தன. ஜெர்மனி 1991-லேயே உறைகளுக்கு அதைச் செய்தது. 2003-இல் பாட்டில்களுக்குக் கட்டாய முன்பணமும் வந்து, இன்று பெரும்பான்மைப் பாட்டில்கள் திரும்புகின்றன. உலக அளவில் ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு எட்டவில்லை. உற்பத்தியளவுக்கே வரம்பு வைப்பதா என்பதில்தான் பேச்சு முட்டி நிற்கிறது.

தனி ஆளின் மறுப்பு டன் கணக்கைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் 15-இல் சொன்ன இயல்பை அது கண்முன்னே மாற்றுகிறது: வரிசையில் மூன்று பேர் பாத்திரம் நீட்டினால் நான்காமவருக்குக் கூச்சம் போய்விடும், கடைக்காரரும் தயாராகிவிடுவார். உங்கள் வலு அதிகமாக இருப்பது வீட்டைவிட அலுவலகத்திலும் பள்ளியிலும் குடியிருப்புச் சங்கத்திலும். அங்கே ஒரு கொள்முதல் முடிவு நூறு பேரின் பழக்கத்தை மாற்றும்.

19. எங்கிருந்து தொடங்கறதுன்னே தெரியல. எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தவும் முடியாது.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் உலர்ந்த பிளாஸ்டிக் அனைத்தையும் ஒரே சாக்கில் சேருங்கள். வார இறுதியில் தரையில் கொட்டி வகைவாரியாகக் குவித்து எண்ணுங்கள். எடை பார்க்காதீர்கள், ஒரு கெட்டி டப்பா முப்பது உறையின் எடையை மறைத்துவிடும். பெரிய குவியல்களில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்று தேடுங்கள். நாலு வாரம் கழித்து மறுபடி எண்ணினால் எது நிலைத்தது என்று தெரியும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கண்ணாடி வாங்கத் தேவையில்லை. உலர்ந்த பொருள்களுக்கு அவை உடையும்வரை உழைக்கட்டும்.

20. சொந்தப் பாத்திரம் கொண்டு போனா, சுத்தம் இல்லைன்னு கடைக்காரர் வாங்க மாட்டேங்கிறார்.

அவர் பயம் நியாயமானது. உங்கள் பாத்திரத்தின் அழுக்கு அவர் கரண்டிக்கு வந்தால் பழி அவருக்கு. அகன்ற வாயுள்ள, முழுக்க உலர்ந்த பாத்திரத்தை மூடி திறந்து ஒரு தட்டில் வைத்து நீட்டுங்கள். தட்டு மட்டும் கடையின் மேடையைத் தொடும், கரண்டி பாத்திரத்தைத் தொடாமல் மேலிருந்து விழவேண்டும். எடை போட்டு வாங்கும் பொருளானால் வெற்றுப் பாத்திரத்தின் எடையை அடியில் கீறியோ அழியாத மையில் எழுதியோ வையுங்கள். தராசு பற்றிய தகராறுதான் பெரும்பாலும் உண்மையான தடை, சுத்தம் அல்ல.

21. எங்க அலுவலகத்துல ஒருமுறைக் கப்பை நிறுத்தி, திரும்பக் கொடுக்கிற கப் வெச்சோம். கப் திரும்பி வரவே மாட்டேங்குது. திட்டமே தப்பா?

திட்டம் சரி, திரும்பும் விகிதத்தில்தான் உயிர் இருக்கிறது. நூறு கப் போய் 90 திரும்பினால் ஒரு கப் சராசரியாக 10 சுற்று வாழும். 95 திரும்பினால் 20. 98 திரும்பினால் 50. கெட்டியான கப் ஒருமுறைக் கப்பைப்போல் 6 மடங்கு எடை என்றால், பொருளளவில் ஈடுகட்டவே 6 சுற்று வேண்டும். கழுவும் நீரையும் மின்சாரத்தையும் சேர்த்தால் இன்னும் சில சுற்று. 80 சதவீதமே திரும்பினால் 5 சுற்றுதான், அதாவது நட்டம். ஆகவே முதல் வாரத்திலிருந்தே போனது, வந்தது இரண்டையும் எண்ணி எழுதுங்கள்.

விகிதம் குறைய வழக்கமான காரணங்கள் சில. திருப்பும் இடம் வெளியே போகும் வழியில் இருக்காது. முன்பணம் இல்லை, அல்லது அற்பம். விழாப் பெயரும் தேதியும் அழகாக அச்சிட்டிருப்பதால் நினைவுப்பொருளாக வீட்டுக்குப் போகும். எனவே வெற்றுக் கப்பே நல்லது.

திரும்பி வந்தவை துர்நாற்றத்தால் ஒதுக்கப்படுவதும் உண்டு. பாலிப்ரோப்பிலீன் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால் கழுவும் இயந்திரத்திலிருந்து எடுத்தபின் பீங்கான்போல் தானாகக் காயாது. ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் மறுநாளே பூஞ்சை மணம். இடைவெளி விட்டுக் கம்பித் தட்டில் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்ந்தபின் அடுக்குங்கள். ஒரு வேளைக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு கப் கையிருப்பு இருந்தால்தான் ஒரு தொகுதி காயும்போது மற்றது ஓடும். இல்லாவிட்டால் நெரிசல் நேரத்தில் யாரோ ஒருவர் பழைய ஒருமுறைக் கப் பெட்டியைத் திறந்துவிடுவார்.